வெண்டைக்காய் ஒடித்த கை

"நோன், மதாம்!"

பிரெஞ்சுக் கடைக்காரரின் குரல் வந்தபோது பீன்ஸின் நுனி என் கையில் ஒடிந்து முடிந்திருந்தது. 'டக்' என்று ஒடிந்தது. நல்ல பிஞ்சு என்று அர்த்தம். அரைக்கிலோ வாங்கலாம் என்று நான் முடிவு செய்த அதே நொடியில், இந்த அம்மாளுக்கு விற்கலாமா வேண்டாமா என்று கடைக்காரர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். காதில் பென்சில், இடுப்பில் பச்சை ஏப்ரன். என் உள்ளங்கையில் இருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டுகளைத் தன் பக்கத்து டப்பாவில் போட்டார். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து, பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டோடு எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

நான் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் காய் வாங்கிப் பழகியவள். அங்கே கைதான் கண். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்க வேண்டும், வளைந்தால் முற்றல். முருங்கைக்காயை லேசாக முறுக்க வேண்டும். சுரைக்காயில் நகம் இறங்க வேண்டும். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, பிறகு விரலால் சுண்ட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், "கடைக்காரன் போட்டதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தாயா?" என்று என் மாமியார் கேட்ட காலம் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்தே என் விரல்கள் இவ்வளவு கற்றுக்கொண்டன.

பிரான்ஸுக்கு நான் போனது 2023 ஆகஸ்ட் கடைசியில். மாப்பிள்ளைக்கு ஈட்டர் என்கிற அணுக்கரு இணைவுத் திட்டத்தில் வேலை. இந்தியாவும் அதில் பங்காளி. தெற்கு பிரான்ஸில் கதராஷ் என்ற இடத்தில் அந்தப் பெரிய உலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு அங்கிருந்து கொஞ்சம் தள்ளி எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற ஊரில். ஊர்க்காரர்கள் சுருக்கமாக எக்ஸ் என்பார்கள். கணக்கு டீச்சரைக் கொண்டுபோய் எக்ஸ் என்ற ஊரில் இறக்கிவிட்டால் அவள் விடையைத் தேடாமல் என்ன செய்வாள்?

காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு. எனக்குக் கிடைத்தது மார்க்கெட். பிளாஸ் ரிஷெல்ம் என்ற சதுக்கத்தில், பெரிய பிளேன் மரங்களின் நிழலில், தினமும் காலையில் காய்கறிச் சந்தை. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சற்றுத் தள்ளி இன்னொரு சதுக்கத்தில் பெரிய சந்தை. அதே நாட்களில் நகர மன்றத்துக்கு முன்னால் பூச்சந்தை. எல்லாம் மதியம் ஒரு மணி வரைதான். அதற்குப் பிறகு பிளாஸ் ரிஷெல்ம் பக்கம் போனால், கழுவிவிட்ட தரையில் ஹோட்டல்காரர்கள் மேசை நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். காலையில் கத்தரிக்காய் குவிந்திருந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஒரு வெங்காயச் சருகுகூட மிஞ்சாது. எனக்கு இது பிடித்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. மார்க்கெட் முடிந்த இடத்தில் மார்க்கெட் வாசனை கொஞ்சம் இருக்க வேண்டாமா?

பீன்ஸ் விவகாரத்தை அன்று இரவு மகளிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, போன்ழூர் சொன்னாயா?" என்றாள். சொல்லவில்லை. அதுதான் முதல் குற்றமாம், ஒடித்தது இரண்டாவதுதானாம். கடைக்கு முன் போய் நின்றதும் முதலில் வணக்கம். பிறகு வரிசை. நம் முறை வந்ததும் எது வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். எடுப்பது அவர்கள் கை. சில கடைகளில் ஒரு கூடையோ பேசினோ நீட்டுவார்கள். அப்போது மட்டும் நாமே பொறுக்கலாம். நீட்டாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதாவது, கையின் வேலையை வாய் செய்ய வேண்டும். என்னிடம் அதற்கு வேண்டிய மொழி இல்லை. சிறு வயதில் புதுச்சேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது கற்றுக்கொண்ட போன்ழூர் (வணக்கம்), மெர்சி (நன்றி), சில்வூப்ளே (தயவுசெய்து) ஆகிய மூன்றும்தான் மொத்தக் கையிருப்பு.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம், ஆனால் ரோஷம். போன்ழூரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரும் பதில் சொன்னார். பென்சில்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு புருவத்தை உயர்த்தினார். நான் முலாம்பழத்தைக் காட்டினேன். தொடாமல்தான். கெட்டியாகப் பந்து போல, வெளிர்பச்சைத் தோலில் கோடு கோடாக, உள்ளே ஆரஞ்சு நிறச் சதையோடு வருகிற ரகம். அந்தப் பகுதியில் கவயோன் என்ற ஊர் இந்தப் பழத்துக்குப் பேர்போனது.

அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. ஏதோ கேட்டார். புரியவில்லை. தன் வாய்க்கு ஸ்பூன் கொண்டுபோவதுபோல் காட்டி, வானத்தில் உச்சியைச் சுட்டினார். பிறகு கையைச் சரித்து மேற்கே இறக்கினார். இன்று மதியத்துக்கா, இரவுக்கா? நான் மேற்கைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எத்தனை முறை நினைத்தாலும் அலுக்கவில்லை. இரண்டு பழங்களை இரண்டு கைகளிலும் ஏந்தி எடை பார்த்தார். கனமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் குவியலுக்கே திருப்பினார். காம்பைச் சுற்றி நகத்தால் தடவினார். அங்கே தோல் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. காம்பு இன்னும் விடுபடவில்லை, ஆனால் விடுபடத் தயார். பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். தலையை ஆட்டிவிட்டு அதையும் வைத்தார். மூன்றாவதையோ நான்காவதையோ முகர்ந்ததும் நிறுத்தினார். என்னிடம் நீட்டினார், முகர்வதற்கு மட்டும். தேனும் வெள்ளரியும் கலந்த வாசனை. என் மாமியார் தேங்காய் தேர்ந்தெடுத்தபோது இருந்த அதே முகம் அவருக்கு. கையை ஒழித்துவிட்டார்கள் என்று நினைத்தேனே, ஒழிக்கவில்லை. தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு எட்டு மணிக்கு வெட்டினோம். மதியம் வெட்டியிருந்தால் நிச்சயம் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இரண்டாவது வாரம், வேறொரு கடையில், சிரித்துச் சிரித்துப் பேசிய ஒருவர் எனக்கு ஒரு கிலோ பீச் பழம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். வீட்டில் காகிதப் பையைத் திறந்தால் மேல் வரிசை மகாராணிகள், அடி வரிசை அடிபட்டவர்கள். நம்மூர் ஆப்பிள் பெட்டிக்கு உள்ள அதே இலக்கணம். கடைக்காரர் கையால் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்பதில்லை. யாருடைய கை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று கிலோ பீச் செலவாகும்.

விலைப் பலகைகளில் நான் பட்ட பாடு தனி. சிறு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிச் செருகியிருப்பார்கள். விலை மட்டும் இல்லை. எங்கே விளைந்தது, என்ன தரம் என்பதையும் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். பிரான்ஸ், எஸ்பாஞ் (ஸ்பெயின்), மரோக் (மொராக்கோ) என்று படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் எண்களில் சறுக்கினேன். அவர்கள் ஒன்றை எழுதும்போது உச்சியிலிருந்து இடப்பக்கமாகச் சாய்த்துக் கீழே நீளமாக இன்னொரு கோடும் இழுக்கிறார்கள். பார்த்தால் நம் ஏழு. ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டு வேறுபடுத்துகிறார்கள். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. நான் ஒரு கட்டு முள்ளங்கியின் 1,50 யூரோவை 7,50 என்று படித்து, 88 ஆல் பெருக்கி, 660 ரூபாயா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். மகள் சொன்ன பிறகு மறுபடி பெருக்கினேன்: 132. அதுவும் கொள்ளைதான், ஆனால் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்.

காதால் கேட்டால் இன்னும் சிரமம். அவர்களுக்குத் தொண்ணூறு என்பது 'நான்கு இருபது பத்து'. தொண்ணூற்றொன்பது 'நான்கு இருபது பத்து ஒன்பது'. ஒரு கிலோ திராட்சைக்கு விலை சொல்லும்போதே ஒரு மனக்கணக்கு. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், எண்பதுக்கு அடுத்து ஏன் தொண்ணூறு, அதில் ஏன் நூறு வருகிறது, தொள்ளாயிரத்தில் ஏன் ஆயிரம் என்று. பதில் சொல்லாமல் உட்கார வைத்திருக்கிறேன். இனி யாராவது கேட்டால் பிரெஞ்சுக்காரர்களைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு வார்த்தை மட்டும் உடனே மனதில் உட்கார்ந்துவிட்டது: லீவ்ர். பவுண்டு என்று பொருள். உலகத்துக்கே கிலோகிராம் கொடுத்த நாட்டில், பாட்டிகள் இன்றும் ஸ்ட்ராபெரியை லீவ்ர் கணக்கில் கேட்கிறார்கள்; கடைக்காரர் 500 கிராம் நிறுத்துக் கொடுக்கிறார். சட்டம் மாறி இருநூறு வருடம் ஆனாலும் வாய் மாறவில்லை. பூவை இன்னும் முழத்தில் வாங்குகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன உரிமை இருக்கிறது?

நான் எடுத்துக்கொண்டு போனது மஞ்சள் பை. தூரத்து உறவில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது; மணமகன், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் சிவப்பு எழுத்தில். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு 2016, 2017லேயே தடை வந்துவிட்டது. எல்லாம் காகிதப் பைதான். முட்டை விற்கிற பெண்மணி ஒருநாள் என் பையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது, உங்கள் கடையின் பெயரா என்று மகளிடம் விசாரித்தாள். கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பை என்றதும், "தம்பதி நன்றாக இருக்கிறார்களா?" என்று கேட்டாள். அவர்கள் விவாகரத்து வழக்கில் இருப்பதை எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

சீஸ் கடை ஒன்றில் பழுப்பு இலையில் பொதிந்து, நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய சிறு வட்டங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மந்தாரை இலையில் பூ கட்டித் தருவார்களே, அதே கட்டு. பனோன் என்று பெயர். வடக்கே மலைப்பக்கம் உள்ள ஒரு கிராமத்தின் பெயரும் அதுதான். ஆட்டுப் பால் சீஸ், செஸ்ட்நட் மர இலையில் சுற்றிப் பழுக்க வைப்பது. வாங்கினேன். இலையைப் பிரித்தால் உள்ளே வெண்ணெய் போல இளகி, கொஞ்சம் காரநெடியோடு நன்றாகவே இருந்தது. பாதி தீர்ந்த பிறகு மாப்பிள்ளை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அத்தை, உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார். பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட், பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இங்குள்ள பாரம்பரிய சீஸ்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

பிறந்ததிலிருந்து சைவம். முட்டை போட்ட கேக்கையே சந்தேகத்தோடு பார்ப்பவள். தட்டில் மிச்சமிருந்த பாதியைப் பார்த்தேன். மாப்பிள்ளை எதுவும் பேசாமல் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் விசாரித்தேன். கறுப்பு ஆலிவை அரைத்து ரொட்டியில் தடவுவதற்கு தப்பனாத் என்று ஒரு துவையல் விற்பார்கள். பார்க்க எள்ளுத் துவையல் மாதிரியே இருக்கும். கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்ததை வாயருகே கொண்டுபோனபோது மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதில் நெத்திலி. கடைசியில் நான் நம்பிச் சாப்பிட்டது பனிஸ் மட்டும். கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆற வைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தது. பஜ்ஜிக்கும் அதற்கும் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது.

ஆறாவது வாரம் வெண்டைக்காய் ஏக்கம் வந்தது. எக்ஸில் கிடைக்கவில்லை. மகள் சனிக்கிழமை பஸ்ஸில் மார்சேய்க்குக் கூட்டிப்போனாள். துறைமுகத்திலிருந்து கொஞ்சம் மேலே நொவாய் என்ற பகுதி. பஸ் நெடுக பிரெஞ்சு. இறங்கிய தெருவில் அரபு, கொமோரோத் தீவுக்காரர்களின் பேச்சு, இன்னும் என்னவெல்லாமோ. கூவி விற்கிறார்கள். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் மலைபோல். ஒரு பெட்டியில் வெண்டைக்காய்! முன்பு வாங்கிய அடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, என் கண்ணெதிரே நுனியை டக்கென்று ஒடித்துக் காட்டி, பெட்டியை என் பக்கம் தள்ளினாள். ஒன்றரைக் கிலோ பொறுக்கினேன், ஒவ்வொன்றாக. மகள் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பாரிஸில் இருந்தது இரண்டே நாள். ஐஃபெல் கோபுரத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். லே ஆல் என்ற இடத்தில் நகரத்தின் வயிறு போல இருந்த பழைய மொத்த மார்க்கெட்டை 1969ல் ஊருக்கு வெளியே ருங்கிஸுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை காட்டினார். இப்போது அங்கே தரைக்கடியில் ஒரு வணிக வளாகம். என் அப்பா கொத்தவால் சாவடியில் கல்யாணத்துக்குக் காய் எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். நம் சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியது 1996ல். 69, 96. எண்களைத் திருப்பிப் போட்டாலும் கதை ஒன்றுதான். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரித்தார்.

பூவுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எக்ஸின் நகர மன்றத்துக்கு முன்னால் மணிக்கூண்டு. அதன் பக்கத்தில் பழைய தானியக் கிடங்கு. அதன் முகப்பில் இரண்டு நதிகளை மனித உருவில் செதுக்கியிருக்கிறார்கள், ரோன், துரான்ஸ். அதில் ஒன்று சட்டத்துக்குள் அடங்காமல் காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், திண்ணையில் உட்காருகிற மாதிரி. அந்தக் காலுக்குக் கீழேதான் பூச்சந்தை. வாளி வாளியாக ரோஜா, சூரியகாந்தி, டேலியா, கட்டுக் கட்டாகக் காய்ந்த லாவெண்டர். எல்லாம் காம்போடு. உதிரிப்பூவும் கிடையாது, கட்டிய பூவும் கிடையாது. தலையில் வைக்கவோ, படத்துக்குப் போடவோ வழியில்லை. ஜாடியில் நிற்க வைக்கத்தான். குனிந்து ரோஜாவை முகர்ந்தேன். வாசனை இல்லை. இத்தனைக்கும் காரில் இரண்டு மணி நேரம் போனால் கிராஸ் என்ற ஊர். வாசனைத் திரவியத்துக்கு உலகப் புகழ் பெற்றது, அவர்களுடைய கைத்திறனை யுனெஸ்கோ 2018ல் பட்டியலில் சேர்த்தது. அங்கே வயலில் விளைவது நம் ஜாதிமல்லி. பொழுது விடியும்போது பறித்து, அப்படியே தொழிற்சாலைக்கு. ஒரு முழம்கூடச் சந்தைக்கு வருவதில்லை என்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முதல் தடவை பூ வாங்கியது பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின சனிக்கிழமை. மகளும் வந்திருந்தாள். பூக்காரப் பெண்மணி பத்து ரோஜாவை எடுத்தவுடன் ஒரு கேள்வி கேட்டாள்: "சே பூர் ஒஃப்ரிர்?" யாருக்காவது கொடுப்பதற்கா என்று பொருள். ஒஃப்ரிர் என்றால் பரிசளிப்பது. படைப்பது என்றும் வைத்துக்கொள்ளலாம். "பிள்ளையாருக்குத்தானே, ஆமாம் என்று சொல்" என்றேன். மகள் அப்படியே சொல்லிவிட்டாள். உடனே அந்த அம்மாள் மெல்லிய காகிதம், அதற்கு மேல் இன்னொரு காகிதம், நாடா, நாடாவின் நுனியைக் கத்தரிக்கோலால் இழுத்துச் சுருள் என்று அலங்காரத்தில் இறங்கிவிட்டாள். இதற்குத் தனிக் காசு இல்லை. மஞ்சளில் பிடித்த கட்டைவிரல் உயரப் பிள்ளையாருக்கு நாடா கட்டிய பூங்கொத்து. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்பவரில்லை.

அக்டோபரில் நவராத்திரி. சரஸ்வதி பூஜை 23ஆம் தேதி. அதற்கு முந்தின சனிக்கிழமை தனியாகப் போனேன். பூச்சந்தையே நிறம் மாறியிருந்தது. எங்கே பார்த்தாலும் சாமந்தித் தொட்டிகள்! மஞ்சள், வெள்ளை, செம்பழுப்பு, குடை கவிழ்த்தாற்போல் இலை தெரியாமல் பூ. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நம்மூர் பூஜை இவர்களுக்கும் தெரிந்துவிட்டதா என்ன! இரண்டு தொட்டியைக் காட்டினேன். பூக்கார அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நாடாவையும் எடுக்கவில்லை. என் கையை ஒருமுறை தொட்டு, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். "வி, வி, மெர்சி" (ஆமாம், ஆமாம், நன்றி) என்றேன், மலர்ந்த முகத்தோடு. அவள் கொஞ்சம் குழம்பினாள்.

ஒரு தொட்டி சரஸ்வதிக்கு. இன்னொன்றைக் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். எண்பது வயதுக்கு மேல், தனியாக இருப்பவர். போன மாதம் அத்திப்பழ ஜாம் செய்து கொடுத்திருந்தார். கதவைத் திறந்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெர்சி" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

சாயங்காலம் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கீழே ஓடினாள். அங்கே சாமந்தி கல்லறைக்கு உரிய பூ. நவம்பர் 1ஆம் தேதி கல்லறைத் திருநாள் போல ஒன்று வருகிறது. அதற்குத்தான் இந்தக் குவியல். குளிரைத் தாங்கும், தாமதமாகப் பூக்கும் என்பதால் முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பூ கல்லறைக்கே என்று ஆகிவிட்டதாம். உயிரோடு இருப்பவருக்கு, அதுவும் எண்பது வயதுக்காரருக்கு, வீடு தேடிப் போய்ச் சாமந்தி கொடுத்திருக்கிறேன்.

கீழே இருந்து முதலில் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா சிரிக்கும் சத்தம் படிக்கட்டு வழியே மேலே வந்தது. படிப்புக்குரிய தெய்வத்துக்கு நாங்கள் வைக்கும் பூ இது என்று மகள் விளக்கினாளாம். அவர் சொன்னாராம்: "எப்படியும் என் கணவருக்கு ஒரு தொட்டி வாங்க வேண்டும். மாடியிலிருந்தே வந்துவிட்டது, சுமந்துகொண்டு வரும் வேலை மிச்சம்."

நவம்பர் 1 அன்று என்னையும் உடன் வரச் சொன்னார். தொட்டியை நான்தான் சுமந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சாமந்தி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் பூ வளாகத்துக்குள் நுழைந்தால் எப்படியோ அப்படி. அந்தக் கசந்த பச்சை வாசனைகூட அதேதான். கூச்சலும் லாரியும் மட்டும் இல்லை. அவர் கணவரின் கல்லறைக்கு முன் தொட்டியை வைத்தபோது, என்னையறியாமல் ஷூவைக் கழற்றிவிட்டேன். சரளைக்கல் சாக்ஸ் வழியே ஜில்லென்று குத்தியது. அவர் என் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், நான் மறுபடி ஷூ போட்டுக்கொள்ளும்போது விழாமலிருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பென்சில்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வாங்க ஒன்றுமில்லை, பேருக்கு நாலு கேரட் எடுத்தேன். காசு கொடுத்த பிறகு ஒரு கைப்பிடி பார்ஸ்லியைப் பறித்துப் பையில் திணித்தார். கொசுறு! அதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்கு அது கொசுறுதான். பார்ஸ்லியை வைத்து அவசரமாக ஒரு ரசம் வைத்தேன். சுமார்.

சென்னை வந்த மூன்றாம் நாள் தெற்கு மாடவீதிக்குப் போனேன். என் வழக்கமான கடைக்காரப் பெண்ணிடம், "வணக்கம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன டீச்சரம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வெண்டைக்காய் அரைக்கிலோ, நாளைக்குச் சமைக்கிற மாதிரி நீயே நல்லதாகப் பார்த்து எடுத்துப் போடு" என்றேன்.

"நான் எதற்கு எடுக்க வேண்டும்? ஒன்று முற்றலாக இருந்தால் நாளைக்கு வந்து சண்டைக்கு நிற்பீர்கள். நீங்களே பொறுக்குங்கள்" என்று கூடையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒடித்துப் பொறுக்கினேன். கறிவேப்பிலையை மட்டும் அவளே எடுத்துப் போட்டாள்.